உள்ளறைச் சுவரும் இரண்டு தண்டவாளங்களும்

ஆவணி 20, திங்கள்

வெயில். சோளகக் காற்றில் முற்றமெல்லாம் புழுதி. ஸ்டேஷனில் முழுநாளும் வெங்காயச் சாக்கு. சரக்குக் கிளாக்கருக்கு மூக்கு இருப்பதே வீண். கடைவாய்ப் பல் வலி, கிராம்புக்கும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் பொ. உள்ளறைச் சுவரை விரலால் தட்டிக்கொண்டு நிற்கிறாள். (பொ. என்றால் பொன்னம்மா, என் மனைவி. முழுப்பெயரை எழுதினால் தோளுக்குப் பின்னால் நின்று வாசிக்கிறாள்போல் இருக்கிறது.)

"இந்தச் சுவரை எடுப்பம்," என்றாள்.

"எடுத்து?"

"உள்ளறையும் கூடமும் ஒண்டாகும். அத்தான் தெருவாசல் வரைக்கும் காணலாம்."

அத்தான் என்பது என் அண்ணை. மலாயாவில் ரயில் பாலங்கள் கட்டும் வேலையில் மேற்பார்வை. சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. கல்யாணம் செய்யாதவர், எங்களிடம்தான் வந்தார். வந்து எட்டு மாதம். உள்ளறை வாசல் பழைய காலத்து வாசல்: குனியவேண்டும், காலையும் தூக்கி வைக்கவேண்டும். கட்டிலைக்கூடக் கழற்றிக் கொண்டுபோய் உள்ளே வைத்துத்தான் பூட்டினோம். குளிக்க வார்ப்பதென்றால் இரண்டு பேர் அவரை மடித்துத் தூக்கவேண்டும். ஆனியில் ஒருநாள், "என்னை மூட்டை மாதிரித் தூக்காதையுங்கோ" என்றார். அன்றிலிருந்து வெளியே வரவில்லை. கதையும் நின்றது. எது கேட்டாலும் "ம்".

வாசலை அகட்டினால் போதாதோ என்று கேட்டேன்.

"வாசலை அகட்டினால் கட்டில் வரும். அவர் வரமாட்டார். சுவர் இல்லாட்டில் அவர் வரத் தேவையில்லை. வீடு அவரிட்டைப் போகும்."

சாப்பிட்டேன். பல்.

ஆவணி 22, புதன்

மேசன் கந்தையா வந்தார். சுவரைப் பார்த்தார், மேலே பார்த்தார், சுண்ணாம்புப் பையைத் திரும்பவும் தோளில் போட்டார்.

"அம்மா, உது சும்மா மறைப்புச் சுவர் இல்லை. உதிலைதான் கூரை நிக்குது. உதை எடுத்தால் ஓடு எல்லாம் தலையிலைதான்."

"கூரையும் நிக்கவேணும், சுவரும் போகவேணும். அதுக்குத்தானே உம்மைக் கூப்பிட்டது."

"நான் பிள்ளை குட்டிக்காரன், அம்மா."

அவர் படியிறங்கும்போது உள்ளறையிலிருந்து குரல்: "நாலு குத்துக்கால்."

மூவரும் நின்றுவிட்டோம். அண்ணை மேலே பார்த்தபடியே சொன்னார்: "முகட்டைத் தாங்கிக்கொண்டு நாலு குத்துக்கால் கிடக்குது. அதிலை ரெண்டுதான் இந்தச் சுவரிலை இருக்குது. மற்ற ரெண்டும் குறுக்கு மரத்திலை, தீராந்தியிலை நிக்குது. ஏறிப் பாரும்."

கந்தையா ஏணி வைத்து ஏறினார். ஒட்டறை தலையில் தொங்க இறங்கினார். "ஐயா சொல்லுறது சரி."

"உங்களுக்கு எப்பிடி அத்தான் தெரியும்?"

"எட்டு மாசம் மல்லாந்து கிடக்கிறவன் வேறை எதைப் பாக்கிறது, பிள்ளை?"

ஒரே நாளில் இவ்வளவு சொற்கள். பொ. குசினிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, வெங்காயம் என்றாள். அடுப்பு அணைந்திருந்தது.

ஆவணி 24, வெள்ளி

அண்ணை சிலேட்டு கேட்டார். நான் முன்வீட்டுப் பிள்ளையிடம் இரவல் வாங்கிக் கொடுத்தேன். முழுநாளும் கணக்கு. நான் எட்டிப் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை. சாக்கு எண்ணுகிறவன்தானே.

அவர் சொன்னபடி தேவையானவை:
பனங்குற்றி, முட்டுக்கொடுக்க, ஆறு.
முட்டுகளுக்குக் கீழே போட நீளப் பலகை.
புளியமர ஆப்பு, ஒரு கடகப் பெட்டி நிறைய.
சீமெந்து.
தண்டவாளம் இரண்டு, பதினாறு அடி.

"தண்டவாளமோ?" என்றேன்.

"ரயிலையே தாங்குது. உன்ரை மாமன் சீதனமாய்த் தந்த வீட்டு ஓடுகளைத் தாங்காதோ?"

முதலில் கூரைக்கு முட்டு. பிறகு சுவரின் இரண்டு கரையிலும் இரண்டடி விட்டு நடுவை எடுப்பது. விட்ட துண்டுகளின் மேல் தண்டவாளம். அதன்மேல் குத்துக்கால். அவர் சொல்லும்போது நேற்றுக் கட்டிய பாலம்போல் இருந்தது.

டவுனில் சோனகத் தெருவில் ஓர் இரும்புக் கடை. முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்து, "கிளாக்கர் தம்பி, உங்கடை ஸ்டேஷனிலை இல்லாத தண்டவாளமோ எங்களிட்டை?" என்று சிரித்தார். தேய்ந்த தண்டவாளம் பின்வளவில் கிடந்தது. நல்ல மனிதர். வண்டியும் தானே பிடித்துத் தருகிறாராம்.

ஆவணி 29, புதன்

கிணற்றடியில் காதில் விழுந்தது: "புருசன்ரை தமையனுக்காகச் சீதன வீட்டை உடைக்கிறாளாம். விசர் பிடிச்சிட்டுது."

பொ.வின் சிறிய தகப்பனும் வந்து போனார். புரட்டாதியில் வீட்டு வேலை தொடங்கக்கூடாதாம். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, "சித்தப்பா, ஐப்பசி மழை நாள் பாத்து வராது. வீடு என்ரை, சுவரும் என்ரை," என்றாள். குரலை உயர்த்தவில்லை. அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தபடியால் கோபித்துக்கொண்டு போகவும் வழியில்லை.

நானாக இருந்தால் அடுத்த தைக்குத் தள்ளியிருப்பேன்.

புரட்டாதி 1, சனி

தண்டவாளம் வந்தது. வந்தது என்றால் வீட்டுக்கு வரும் குறுகிய ஒழுங்கையின் முடக்கு வரைக்கும்.

முடக்கில் வண்டி திரும்பவில்லை. தண்டவாளத்தின் மூக்கு செல்லம்மா மாமி வேலியில் குத்திக்கொண்டு நிற்கிறது. இரண்டு வருசமாக எங்களோடு கதை இல்லாத வீடு. வேலிக் கதிகால் ஒரு முழம் தள்ளி நட்டதென்று அவர்களுக்கு எங்களில் கோபம், எங்களுக்கும் அதே கோபம். மாடு வாயில் நுரை. வண்டிக்காரன் என்னைப் பார்க்கிறான். நான் மாட்டைப் பார்க்கிறேன்.

பொ. சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மாமியின் படலையைத் திறந்து உள்ளே போனாள். வேலிக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது.

"மாமி, உங்கடை வேலியிலை ஒரு பாகம் பிரிக்கவேணும். பிறகு நானே கட்டித் தருவன்."

"என்னத்துக்கு?"

"அத்தானுக்கு. கட்டிலோடை வெளியிலை வரப்பண்ண."



"அந்தப் பிள்ளை மலாயாவுக்குப் போகேக்கை என்னட்டைச் சொல்லிப்போட்டுத்தான் போனது," என்றார் மாமி. "பிரிக்கிறதெண்டால் வடிவாய்ப் பிரி. கிடுகு புதுசு."

மாமியே கத்தியோடு வந்து வேலிக் கட்டுக் கயிற்றை அறுத்தார். தண்டவாளம் அவர்கள் கத்தரிப் பாத்திக்கு மேலாகப் போனது. இரண்டு கத்தரி நசிந்தது. ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

புரட்டாதி 4, செவ்வாய்

மப்பு. மழை இல்லை. உள்ளறையிலிருந்து வெளியேற்றியவை: நெற்சாக்கு மூன்று, பனங்கிழங்கு ஒடியல் பானை, ட்ரங்குப் பெட்டி, மூன்று கால் கதிரை, பொ.வின் கூறைச்சீலைப் பெட்டி, ஒரு பூனை, அதன் குட்டிகள் நாலு.

வெளியேறாதது: அண்ணை.

முட்டுகள் ஏற்றியாயிற்று. நாளைக்கு உடைப்பு. அவரை முன்கூட்டியே தூக்கி மாமரத்தின் கீழ் விடுவோம் என்றேன். மாட்டாராம்.

"வெளியிலை கிடந்தால் மாங்காயைத்தான் காணலாம். கூரை என்ன செய்யுதெண்டு ஆர் பாக்கிறது? உங்களுக்கு அண்ணாந்தால் கழுத்து நோகும். எனக்கு நோகாது."

பொ. கோபத்தில் குசினிக்குப் போனாள். கொஞ்சத்தில் திரும்பி வந்து, "அப்ப நானும் இஞ்சைதான்," என்றாள்.

புரட்டாதி 5, புதன்

எழுதிவிட வேண்டும்.

லீவு போட்டேன். காலை ஏழு மணிக்குக் கந்தையாவும் மூன்று கூலியாட்களும். அலவாங்கால், அந்தக் கனத்த கடப்பாரையால், நெம்பியும் சுவர் லேசில் வரவில்லை. அந்தக் காலத்துச் சுண்ணாம்பும் கல்லும், ஒன்றரை அடி அகலம். பத்து மணிக்கு ஒரு ஆள் புகக்கூடிய துவாரம். அண்ணையின் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை. கண் கூரையில்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன். சுவர் முக்கால்வாசி போய்விட்டது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அண்ணைக்குக் கேட்டது.

"நிப்பாட்டு! அலவாங்கைக் கீழை போடு!"

அவர் நெஞ்சில் ஓட்டுத்தூள் விழுந்திருந்தது, ஒரு சிட்டிகை. பிறகு எங்கள் எல்லாருக்கும் கேட்டது: மரம் முறுகுகிற சத்தம், நீளமாக.

"மூண்டாம் முட்டு இறங்குது. நிலம் இளகுது. கந்தையா, ஆப்பு!"

கூலியாட்கள் ஓடினார்கள். நானும் ஓடினேன். இதை இங்கே எழுதாவிட்டால் வேறு எங்கும் எழுதப்போவதில்லை: மாமரத்தடிக்கு வந்தபின்தான் நான் ஓடியதே எனக்குத் தெரிந்தது.

திரும்பிப் பார்த்தால், பொ. மூன்றாம் முட்டுக்குற்றியைக் கட்டிப்பிடித்துத் தோளைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறாள். அது சாயாமல் இருக்க. கந்தையா முழங்காலில் இருந்து ஆப்பு அடிக்கிறார். அண்ணை கட்டிலில் கிடந்தபடி, ஸ்டேஷனில் கொடி காட்டுபவர்போல் நிதானமாக: "மற்றப் பக்கம் ஒண்டு. அடி. இன்னொண்டு. பிள்ளை, நீ அசையாதை. அடி. காணும். காணும், போதும். நிண்டிட்டுது."

நின்றுவிட்டது.

அந்த இடத்தில் நிலத்துக்குக் கீழே பழைய எலிப் பொந்து. கல்லடுக்கி, இன்னொரு பலகை போட்டு, பின்னேரமே மிச்சச் சுவரையும் எடுத்தார்கள். கந்தையா அலவாங்கை முதலில் தான் போட்டார், கூலியாட்களைக் கூப்பிடாமல். பிள்ளை குட்டிக்காரர்தான்.

பொ. என்னை ஒன்றும் கேட்கவில்லை. தோளில் தோல் உரிந்திருக்கிறது. எண்ணெய் பூசிவிட்டேன். அண்ணைதான் கூப்பிட்டு, "ஓடினது சரி தம்பி. எல்லாரும் உள்ளுக்கை நிண்டால் பிறகு ஆர் எங்களைத் தோண்டி எடுக்கிறது?" என்றார். சிரித்தார். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு, என்னைப் பார்த்து.

புரட்டாதி 8, சனி

இரண்டு தண்டவாளமும் ஏறின. எட்டுப் பேர் பிடித்தது. செல்லம்மா மாமியின் இரண்டு மருமக்களும் கேட்காமலே வந்தார்கள். வேலி இன்னும் திறந்தே கிடக்கிறது, நான் கட்டப் போனேன், மாமி "அவசரமோ?" என்றார்.

சீமெந்து இறுக இரண்டு கிழமை முட்டுகளை எடுக்கக்கூடாது. கூடம் முழுக்கப் பனங்குற்றி. இரவில் தண்ணீர் குடிக்க எழும்பி நெற்றியில் இடி வாங்கினேன். பல் வலி போய்விட்டது, அல்லது நெற்றி வலியில் தெரியவில்லை.

புரட்டாதி 22, சனி

முட்டு எடுத்த நாள். தண்டவாளத்துக்குக் கீழே அண்ணை ஒரு நூல் இழுத்துக் கட்டச் சொன்னார். இரும்பு எவ்வளவு வளைகிறதென்று அதில் தெரியுமாம். முட்டுகளை ஒரேயடியாகத் தட்டி எடுக்க விடவில்லை. ஒவ்வொரு ஆப்பாக, இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம். கந்தையா வியர்வையைத் துடைக்கவும் பயந்தார்.

கடைசிக் குற்றியும் போனது. அண்ணை நூலைப் பார்த்தார். "வளைஞ்சது ஒரு நகத்தின்ரை தடிப்பும் இல்லை," என்றார். கந்தையா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்னை என்னத்துக்கு? தோள் குடுத்தது ஆர்?" என்றார் அண்ணை.

கந்தையா பொ.வின் பக்கம் திரும்பினார். அவள், "சாப்பாடு ஆறுது, எல்லாரும் கை கழுவுங்கோ," என்றாள். கட்டிலைத் தெருவாசல் பக்கம் உருட்ட, அதன் காலில் கந்தையா மரச்சில்லு பூட்டியிருந்தார். உருண்டது. போகிற வழியில் மாமி, தபாற்காரன், வெற்றிலைக்காரி, ஒவ்வொருவரும் படலையடியில் நின்று கதைத்தார்கள். மாலைக்குள் அண்ணையின் தொண்டை கட்டிவிட்டது.

நான் சில பாலங்கள் பார்த்திருக்கிறேன், ரயிலில் போகும்போது. அவற்றில் ஒன்றையும் நின்று பார்த்ததில்லை. இன்று என் வீட்டுக் கூடத்தின் நடுவில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்தேன். கழுத்து நோகிறது. உண்மைதான்.

புரட்டாதி 30, ஞாயிறு

முதல் மழை. பெரிய மழை. ஒழுக்கு ஓரிடத்தில் மட்டும், அதுவும் பழைய ஒழுக்கு. அண்ணை மழையைக் கட்டிலிலிருந்தே பார்த்தார். பொ. பக்கத்தில் இருந்து புளியங்கொட்டை எடுத்தாள்.

ஐப்பசி 9, புதன்

வானம் வெளித்திருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து ஐந்து மணிக்கு வந்தேன். கட்டில் வெறுமையாக இருந்தது. குசினிக்கு ஓடினேன்.

பொ. சொன்னாள்: சண்டிலிப்பாயிலிருந்து ஒரு புகையிலைத் தோட்டக்காரர் வந்தாராம். கந்தையா சொல்லிக் கேள்விப்பட்டு. அவர் வீட்டிலும் ஒரு சுவர் எடுக்கவேண்டுமாம், இரண்டு மேசன்மார் ஏலாது என்று போய்விட்டார்களாம். தண்டவாளத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்கடை வீட்டுக்கும் கணக்குப் போட்டுத் தாருங்கோ" என்று கேட்டிருக்கிறார்.

"வீட்டைக் காணாமல் சொல்லேலாது," என்றாராம் அண்ணை.

வந்தவர் யோசித்திருக்கிறார். அண்ணைதான், "வண்டியிலை கதிரையைக் கட்டுங்கோ. என்னைத் தூக்கி வையுங்கோ," என்றாராம்.

"தூக்கச் சொன்னவரோ? அவராகவோ?"

"ஓம். சிலேட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனவர். சேட்டுப் போட்டு, சீப்பாலை தலை இழுத்து."

கூடத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஒரே வெளி. பின்யன்னல் வெயில் முன்வாசல் வரை வந்து கிடக்கிறது. பொ. நடுவில் நின்றாள்.

"அவர் இல்லாமல் வீடு எவ்வளவு பெரிசாய்க் கிடக்குது," என்றாள்.

விளக்கு வைத்தாயிற்று. வண்டி இன்னும் வரவில்லை. அவள் படலைப் பக்கம் பார்க்கவே இல்லை, நிம்மதியாக அரிசி களைகிறாள். நான்தான் இரண்டு தரம் ஒழுங்கை முடக்கு வரைக்கும் போய்வந்துவிட்டேன்.