இருநூற்றுப் பன்னிரண்டு மண் சொற்கள்

11 பிப்ரவரி 1934
மண் விஞ்ஞானத்துக்கு இன்றோடு இருநூற்றுப் பன்னிரண்டு தமிழ்ச் சொற்கள் சேர்ந்தன. பாதிக்கு மேல் அடையாற்றில் கிணறு வெட்டும் அப்துல் கஃபார் சொன்னவை. இரண்டு வருஷமாக ஞாயிறு பூசை முடிந்ததும் அவரிடம்தான் போகிறேன்.

'சாயில் எரோஷன்' என்பதற்கு எங்கள் பள்ளிக்கூடத்துக் கஸ்தூரிரங்கன் 'மிருத்திகா க்ஷயம்' என்கிறார். கஃபாரைக் கேட்டேன்.

"மழத்தண்ணி மண்ண அரிச்சிக்கினு போவுது. அரிப்பு. இதுக்குப் போயி இன்னா யோசன வாத்யாரே?"

மண்ணரிப்பு என்று எழுதிக்கொண்டேன். இருபது வருஷம் விஞ்ஞானம் கற்பித்தவனுக்கு வெட்கமாக இருந்தது.

3 மார்ச்
மயிலாப்பூரில் கஸ்தூரிரங்கன் வீட்டில் கைப்பிரதியைக் கொடுத்தேன். அச்சுக்கூடக்காரர் அவருக்குச் சிநேகிதர். "ஆத்துல உக்காந்துண்டு ஒரு தடவ பாத்துட்டுத் தரேன். அட்டையில ரெண்டு பேர் பேரும் போடுவோம். உம்ம பேர்தான் முன்னால." சொற்கள் எங்கே கிடைத்தன என்று கேட்டார். கஃபாரைப் பற்றி எல்லாம் சொன்னேன்.

14 ஜூன்
கைப்பிரதி என்ன ஆயிற்று என்று கஸ்தூரிரங்கனைக் கேட்டால் பல்வலி என்கிறார்.

18 ஜூலை
குளத்தங்கரைப் புத்தகக் கடையில் பார்த்தேன். 'மண்ணூல் கலைச்சொற்கள்.' அட்டையில் ஒரே பெயர், கஸ்தூரிரங்கன். மேல்மண், அடிமண், உவர், வண்டல் — வரிசைகூட நான் போட்ட வரிசை. மிருத்திகா க்ஷயம் இல்லை, மண்ணரிப்பு இருக்கிறது. படுபாவி, எப்படி மனசு வந்துச்சு அவனுக்கு? பதினோரு வருஷம் ஒரே பெஞ்சில உக்காந்து சாப்பிட்டோமே.

19 ஜூலை
நேரில் கேட்டேன். சிரிக்கிறார். "சொல்லெல்லாம் ஊர்ச் சொத்து. அதுல உம்ம பேர் எங்கேர்ந்து வந்தது?" தலைமையாசிரியரிடம் போனேன். சாட்சி உண்டா என்றார். உண்டு, கஃபார் இருக்கிறார் என்றேன்.

22 ஜூலை
அடையாறு போனேன். தலைமையாசிரியரிடம் வந்து இரண்டு வார்த்தை சொல்லும்படி கேட்டேன். கஃபார் துண்டில் சுற்றியிருந்த புத்தகத்தை எடுத்து முகவுரையைக் காட்டினார். 'இச்சொற்களிற் பல தந்துதவிய கிணறு வெட்டும் ஜனாப் அப்துல் கஃபார் அவர்களுக்கு நன்றி.'

"எம் பொண்ணு படிச்சிக் காட்டிச்சி. அந்த ஐயரு ஒரே தபா வந்தாரு. பேரக் கேட்டாரு, போட்டாரு. நீ ரெண்டு வருசம் வந்துகினு இருந்த. உன் நோட்டுல என் பேரு எங்க கீது?"

கோபமில்லாமல்தான் கேட்டார். எனக்குத்தான் ஆத்திரம் வந்தது. இவருமா? வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன்.

23 ஜூலை
சொற்கள் எழுதிய பழைய நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். கஸ்தூரிரங்கனை மன்னிக்கப்போவதில்லை, அது வேறு. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் என் பெயர், 'தொகுத்தவர்: வேதநாயகம்'. உள்ளே கஃபார் என்று ஓரிடத்திலும் இல்லை. நாற்பத்தேழு இடத்தில் 'கூலியாள் ஒருவன் சொன்னது' என்று எழுதியிருக்கிறேன்.