பட்டறைத் தூளும் தவத்தின் தொய்வும்

4.7.86 வெள்ளி
சோளகக் காற்று விடியற்காலையிலேயே தொடங்கிவிட்டது. மகேஸ்வரி வீட்டு அலுமாரிக்கு வேப்பம்பலகை அறுப்பு. பட்டறைத் தூள் முழுக்க முற்றம் தாண்டி நேரே குசினிக்குள். சோற்றிலும் ஒரு படை. பெண்சாதி தவத்துக்குத் திரும்பவும் தொய்வு, மூச்சிழுப்பு. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு எடுக்கிறாள். "என்ன செய்யுது?" என்று கேட்டேன். விசரனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

டாக்குத்தர் சொன்னது: தூள் படக்கூடாது. எந்தத் தூள், எவ்வளவு தூள், ஒன்றும் சொல்லவில்லை. தச்சன் பெண்சாதிக்குத் தூள் படக்கூடாதாம். தொழிலை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும்?

5.7 சனி
செய்ய வேண்டியவை:
– ஜன்னலுக்கு ஈரச் சாக்கு
– குசினிப் பக்கம் தென்னோலைக் கிடுகு மறைப்பு
– கூட்டுமுன் நிலத்துக்குத் தண்ணீர்
– மரச்சீவல் அடுப்புக்கு. தூள்? எங்கே கொட்டுவது?

சாக்கைக் கிணற்றுத் தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்டேன். தூள் அப்படியே ஒட்டிக்கொண்டது. நல்ல சந்தோஷம். முன்வீட்டுக் கந்தையா அண்ணை எட்டிப் பார்த்தார். "என்னடாப்பா, பட்டறைக்குக் காய்ச்சலே? ஈரத்துணி போட்டிருக்கிறாய்."

7.7 திங்கள்
சாக்குக் காய்ந்து வெள்ளை பூத்திருக்கிறது. உப்பு. இப்போது காற்றோடு தூளும் வருகிறது, உப்பும் வருகிறது. மரம் இழைக்கும் சீவுளித் தகட்டில் துரு. எங்கள் கிணறு உவர் என்று பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு மட்டும் சாக்கை நனைக்கும்போது மறந்துபோனது.

நல்ல தண்ணீர் தவம்தான் தூரத்திலிருந்து குடத்தில் கொண்டுவருகிறாள். "அதில நனையுங்கோவன்" என்றாள்.
"அதைத் தூக்கித்தானே உமக்கு இளைக்குது?"
"தூள் எண்டனீங்கள். இப்ப தண்ணிக்குடமோ?"
தூளோ குடமோ, எனக்கே தெரியவில்லை.

10.7 வியாழன்
மரம் அறுக்கும் வாங்குப்பலகையை வேம்படிக்கு மாற்றினேன். இனித் தூள் வயல் பக்கம் போகும். மறைப்பும் கட்டியாயிற்று.

நேற்று முழுக்க ஆணி அடிப்பு மட்டும். வாள் தொடவில்லை. அவளுக்குக் கடும் தொய்வு. இன்று மத்தியானம் வரை அறுத்தேன். ஒன்றுமில்லை, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு கீரை ஆய்கிறாள். தலை வெடிக்கிறது.

பின்னேரம் அவளுடைய தமையன் வந்தார். புங்குடுதீவில் தன் வீட்டில் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார். நானும் ஓம் என்றேன். தவம் பையை எடுத்துக்கொண்டு சொன்னாள்: "என்னையும் கூட்டித் தள்ளுறியள், என்ன?"
பஸ் போனபிறகும் ஒழுங்கையில் நின்றேன்.

13.7 ஞாயிறு
குசினி துப்புரவு. ஒரு துகள் இல்லை. சமைக்க ஆளும் இல்லை. கடைப் பாண், பால் இல்லாத பிளேன்ரீ.

தூளுக்குப் பின்வளவில் கிடங்கு வெட்டினேன். மேலே பழைய தகரம். இனிப் பறக்காது.

என் தூள்தான் காரணமாக இருக்கவேண்டும் என்று பிள்ளையாரிடம் கேட்டேன். அப்படியென்றால் எல்லாம் சரி, அவளைக் கூட்டிவரலாம். குற்றம் என்னுடையதாக இருக்கட்டும் என்று கும்பிட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

15.7 செவ்வாய்
புங்குடுதீவு மச்சான் வந்தார். கதிரையில் இருக்கவும் இல்லை.
"மச்சான், அங்கை தூசி தும்பு ஒண்டுமில்லை. கடற்கரைக் காத்து. நேற்றுக் காலமை தவம் இழுத்த இழுப்பில எங்களுக்கு ஈரல் கருகிப்போச்சு."

முதலில் வந்தது சந்தோஷம். என் தூளால் வந்ததில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் முதலில் வந்தது. பிறகு போய்க் கிடங்குத் தகரத்தைப் பார்த்தேன். தூளென்றால் சாக்குக் கட்டலாம், கிடங்கு வெட்டலாம். தூள் இல்லையென்றால் எதைக் கட்டுவது, எங்கே வெட்டுவது?

16.7 புதன்
தவம் காலை பஸ்ஸில் தனியே வந்து இறங்கினாள்.
"ஏன் வந்தனீர்? உம்மடை கொண்ணை வேறை டாக்குத்தரிட்டைக் காட்டுறன் எண்டவர்."
"அங்கை எனக்கு இழுத்தால் எல்லாரும் அழுகினம். அவையளைத் தேற்றவே மூச்சுக் காணாது. இஞ்சை நீங்கள் முதுகைத் தடவிக்கொண்டு ஏதாவது விசர்க்கதை கதைப்பியள்."
பையை வைத்துவிட்டு நேரே வேம்படிக்குப் போய் வாங்கில் இருந்தாள். "அறுங்கோ. மகேஸ்வரி அலுமாரி கேட்டு வரப்போறா."

வாளை எடுத்தேன். திரும்பக் கீழே வைத்தேன்.
"எனக்குப் பயமாக் கிடக்குது, தவம்."
"ஓம். எனக்கும்தான்."

ஒரு பலகை அறுத்தேன். தூள் அவளுடைய மடியிலெல்லாம் விழுந்தது. அவள் இருமவில்லை. ஏன் என்று தெரியவில்லை.