சீவிய விதைகள்

அன்பு மகளுக்கு,

நீ லீவில் வந்தபோது மறந்துவிட்டுப் போன உன் ஆராய்ச்சிச் சோயா விதைகளை, வண்டு அரித்ததென்று வெங்காயப் பாத்தியில் கொட்டிய மேதாவி எழுதுகிறேன். முப்பது வருடம் தேயிலைக் கிளைகளைக் கவ்வாத்து வெட்டியும் கத்தி பட்ட இடம் எனக்குத் தெரியவில்லை.

போனில் அழுதாய். "எண்ணெய் எப்படின்னு பார்க்க நானேதாம்ப்பா ஓரத்தைச் சீவினேன். முளை இருக்கிற பக்கத்தைத் தொடல. மூணு வருஷ வேலைப்பா!"

அன்றிலிருந்து வேலைக்காட்டுக்குப் போகுமுன் தினமும் பாத்தியருகே குந்திப் பார்த்தேன். இன்று காலை பனியில் ஒன்பது முளை! வெட்டுப்பட்ட பருப்பையே தலையில் சுமந்துகொண்டு மண்ணைத் தள்ளி எழுந்து நிற்கின்றன. கோயிலில் நிற்கிற மாதிரி தொப்பியைக் கழற்றிவிட்டேன்.

உன்னைக் கூப்பிட்டேன். சிரித்தாய். "ஒன்பது போதும்பா, இலையைச் சோதிச்சே எந்த விதை எதுன்னு கண்டுபிடிச்சிடலாம். சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காத எண்ணெய் அதுல. தாய்ச்செடி, தகப்பன்செடி ரெண்டும் கொடுத்தாத்தான் அந்தக் குணம் வரும்."

"நல்ல வேளைம்மா, உனக்கு எல்லாமே உங்கம்மா பக்கம்" என்றேன்.

இப்படிக்கு,
பாத்திக்குக் காவலிருக்கும் அப்பா

பி.கு.: என்னிடமிருந்தும் உனக்கு ஏதாவது வந்திருக்கிறதா, தாயி? போனில் இதைத்தான் கேட்க நினைத்தேன்.