கழுவாத கை

செவ்வாய், இரவு

பாம்புப் பண்ணையில் நான் பார்த்துக்கொள்ளும் ராஜநாகம் மூன்று வாரமாகப் பட்டினி. பாம்பைத்தான் தின்னும், எலியைத் தொடாது. இன்று செத்த எலியின் மேல் சாரைப்பாம்பின் சட்டையைத் தேய்த்து, இடுக்கியில் பிடித்துக் கூண்டுக்குள் நீட்டினேன். அது நாக்கை நீட்டி நீட்டி வந்தது. எலியைத் தாண்டி என் கையை நோக்கி வந்தது.

பின்னால் நின்ற, பண்ணையில் எனக்கு மூத்தவரான காஜா பாய் மெதுவாகக் கேட்டார். "சட்டைய தேச்சிட்டு கை கழுவினியா?"

கழுவவில்லை. என் கையிலும் சாரையின் வாசனை.

"கைய அசைக்காத. நான் பாத்துக்கிறேன்."

அவர் நீளக் கொக்கியால் எலியைப் பாம்பின் மூக்கருகே தள்ளினார். நாக்கு எலியைத் தொட்டது. ஒரே கவ்வு. விழுங்கி முடிக்கும்வரை நான் கையை அசைக்கவில்லை.

கோட்டூர்புரம் வீட்டுக்கு வந்ததும் மனைவி செல்வி கேட்டாள். "இன்னிக்காவது துன்னுச்சா?"

"துன்னுச்சு" என்றேன். மற்றதை அவளிடம் சொல்லவில்லை.