புதூர்நாட்டில் விட்டுவந்த தியோடலைட்

இன்று காலை நுண்ணோக்கிப் பெட்டியைத் திறந்தேன். பழைய வெல்வெட்டும் பித்தளையும் கலந்த வாடை வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கண்ணமங்கலத்துப் பழைய இரும்புக் கடையில் நாம் சேர்ந்து வாங்கிய முதல் கருவி அது. அதன்பிறகு இருபது வருடம், ஞாயிறு வந்தால் ஏதாவதொரு ஊரில் பாரமானியோ தராசோ தேடி அலைந்தோம். உன் மனைவி நம்மைப் பித்தளைப் பைத்தியங்கள் என்பார்.

நீ போய் ஏழு மாதமாகிறது. புதூர்நாட்டில் நடந்ததைப் பற்றி உன்னிடம் பேசாமலே இருந்துவிட்டேன்.

அன்று ஜீப்பில் மலையேறிப் போய்ச் சேர்ந்தது சாமை விதைக்கும் ஒரு குடும்பத்தின் வீடு. அந்த வீட்டம்மா பரணிலிருந்து கம்பளி சுற்றிய பெட்டியை இறக்கினார். உள்ளே நில அளவைக்காரர்கள் கோணம் அளக்கும் தியோடலைட். நூறு வயதுக்கு மேல் இருக்கும். வட்டத்தில் பாகைக் கோடுகள் ஒன்றுகூட அழியவில்லை. நீ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாய். நான் வட்டத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தேன்.

மலையை அளக்க வந்த ஒருவர் காய்ச்சலில் விழுந்து, டோலியில் கீழே இறங்கும்போது அதை அந்த அம்மாவுடைய மாமனாரின் தாத்தாவிடம் ஒப்படைத்தாராம். வாங்கிப்போக யாரும் வரவில்லை. அந்த அம்மா விலை பேசவே இல்லை. நம் முகத்தைப் பார்த்தார்.

"எட்த்துக்கினு போக ஆளு வரும்னு சொல்லி வெச்சாங்க. அது நீங்கதானா சார்?"

நான் வாயைத் திறந்தேன். நீ முந்திக்கொண்டாய்.

"இல்லமா. நாங்க சும்மா பழைய சாமானுங்கள சேக்கறவங்க. அந்த ஆளு நாங்க இல்ல."

அவர் தலையசைத்துவிட்டுப் பெட்டியை மறுபடி கம்பளியில் சுற்றினார். பிறகு நமக்குப் பலாச்சுளை கொண்டுவந்து வைத்தார். நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

மலையிறங்கி வந்த பிறகு திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில்தான் கேட்டேன்: "ஆமான்னு ஒரு வார்த்தைடா. அதுல இன்னா கொறஞ்சிடப் போற நீ?" பதிலுக்கு நிற்காமல், உன்னிடம் சொல்லிக்கொள்ளாமலே வேறு பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அதன்பிறகு மூன்று முறை போன் செய்தாய். எடுக்கவில்லை. உன் பக்கத்தில் நின்றபோது நான் சின்ன ஆளாகத் தெரிந்தேன், அதுதான் கோபம். நாலாம் வாரம் உன் எண்ணிலிருந்து வந்த அழைப்பை எடுத்தேன். பேசியது உன் மனைவி. விடியற்காலையில் நெஞ்சுவலி வந்ததாம், ஆஸ்பத்திரி வரைகூடப் போக முடியவில்லையாம்.

காரியம் முடிந்த அன்று அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். நீ எதற்காக போன் செய்தாய் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"அவருக்கு உங்க மேல கோவமே இல்லண்ணா. 'ஆமான்னு எனக்குந்தான் வாய் வரைக்கும் வந்துச்சு. தான் ஒருத்தனுக்குத்தான் ஆசைன்னு நெனச்சிக்கினு கெடப்பான், அவங்கிட்ட சொல்லணும்'னாரு."

உன்னை நான் எட்டாத இடத்தில் வைத்துவிட்டு முறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன். நீயோ என் பக்கத்திலேயே நின்று, அதே ஆசையை விழுங்கியிருக்கிறாய்.

இப்போதும் பழைய கருவி இருப்பதாக யாராவது சொன்னால் போகிறேன். பார்த்ததும் மனம் பறக்கத்தான் செய்கிறது. அதற்காக என்னை நானே திட்டிக்கொள்வதில்லை. உனக்கும் பறந்ததுதானே.