ஐந்தாம் இலக்கம்

பென்டில் ஹில்,
12.06.2012

அன்பின் கமலினி மச்சாளுக்கு,

கிரான்பர்னில் இந்த முறை குளிர் கூட என்று மகள் வினுஷா சொன்னாள். உங்கள் முழங்கால் நோவு எப்படி? இடது கையால் எழுதுகிறேன், எழுத்துக் கோணலாயிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தம்பி பிணையில் உங்கள் வீட்டில் இருக்கும்வரை நீங்கள் என்னோடு போனில் கதைப்பது அவர் முன்னால்தான். அதனால்தான் கடிதம். குசினிக்குள் தனியாக இருந்து வாசியுங்கள்.

போன கிழமை நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. திங்கட்கிழமை பரமட்டா நீதிமன்றத்தில் நான் சாட்சி சொல்லும்போது, "சுத்தியல் வழுக்கினது எண்டு ஒரு சொல்லுச் சொல்லு பிள்ளை, அவன்ர விசா தப்பும்" என்றீர்கள். ஆறு நாளாக அந்தச் சொல்லை வாய்க்குள் வைத்துப் பார்க்கிறேன். அவர் உங்களுக்கு எப்படிச் சொன்னாரோ தெரியாது. நடந்தது இதுதான்.

அந்த எழுபத்திரண்டாம் ஆண்டு மொனாரோக் காரை அவர் வாங்கியபோது அது கதவும் கண்ணாடியும் இல்லாத துருப்பிடித்த கூடு. நான்கு வருடம் வேலையால் வந்து அதற்குள்ளேயே கிடந்தார். துருவைச் சுரண்டினார், தகடு வெட்டி ஒட்டினார், இருக்கைகளை நானும் சேர்ந்து தைத்தேன். அவை நல்ல நாட்கள், பொய் சொல்லமாட்டேன். மார்கழியில் கார்க் கழகத்து மனிதர் ஒருவர் பொனட்டைத் திறந்து எஞ்சினில் பொறித்திருந்த இலக்கத்தைப் பார்த்தார். இது இந்தக் காரோடு வந்த எஞ்சின் இல்லை, வேறொரு காரிலிருந்து கழற்றிப் பூட்டியது என்றார். கழகம் முழுக்க "அசல், அசல்" என்று சொல்லித் திரிந்தவர் இவர். வீட்டுக்கு வந்து, தானே தேடிப் பூட்டிய முன்விளக்குகளை உதைத்து நொறுக்கினார்.

"எந்தக் காரின்ர எஞ்சின் எண்டால் என்னப்பா, ஓடுதுதானே" என்றேன். "ஓடுறதெல்லாம் காரோ" என்று கேட்டு, என் தலைமயிரைப் பிடித்து முகத்தை அந்த எஞ்சின்மேல் அழுத்தினார். அப்போதுதான் நிறுத்தியிருந்தார், சூடு ஆறவில்லை. பொங்கலுக்கு வந்தபோது கன்னத்துத் தழும்பைக் கேட்டீர்கள். எண்ணெய் தெறித்தது என்றேன்.

மாசியில் விற்க முடிவெடுத்தார். எஞ்சினிலிருந்த இலக்கத்தைக் கிரைண்டரால் தேய்த்து அழித்துவிட்டு, காரின் பழைய பதிவிலிருந்ததை அந்த இடத்தில் பொறிக்கப் பார்த்தார். அதற்கு விரல் நீள இரும்பு அச்சுகள் இருக்கின்றன, நுனியில் ஒவ்வோர் இலக்கம். ஒருவர் நேராகப் பிடிக்க, மற்றவர் சுத்தியலால் ஒரே அடி அடிக்க வேண்டும். பிடிக்க என்னைக் கூப்பிட்டார். கவுன்சிலில் வரைபடம் கீறுகிற கை, ஆடாது. கள்ள வேலை என்று தெரிந்தே பிடித்தேன் மச்சாள். பயத்தில் பிடித்தேன்.

சனிக்கிழமை காலை. நான்கு இலக்கம் விழுந்துவிட்டது. ஐந்தாவதைப் பிடிக்கும்போது மறைக்க முடியவில்லை. வாங்க இருந்தவர் முதல்நாள் போன் எடுத்தார், எஞ்சின் இதனுடையதுதானா என்று கேட்டார், இல்லை என்று சொல்லிவிட்டேன், பரவாயில்லை, தனக்கு ஓடித்திரியத்தான் கார் என்றார். இவ்வளவையும் சொன்னேன். இனிப் பொய் தேவையில்லை என்று இவர் ஆறுதல்படுவார் என்றுகூட நினைத்தேன்.

இவர் சரிந்திருந்த என் விரல்களை மெதுவாக நிமிர்த்தினார். "ஆடாமல் பிடி" என்றார். பிடித்தேன்.

முதல் அடி விரலில் விழுந்தது. வழுக்கிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு என் மணிக்கட்டை எஞ்சின்மேல் அழுத்திப் பிடித்தார். குறி பார்த்து இரண்டாவது அடி. குறி பார்த்து மூன்றாவது. நகமும் தோலும் இரும்பில் ஒட்டிக்கொண்டன. அவர் ஒரு துணியை எடுத்து எஞ்சினைத் துடைத்தார்.

பொலிசைக் கூப்பிட்டது வினுஷா. அவளை ஏசாதீர்கள். "டோன்ற் மூவ், டாட்" என்று இரும்புக் குழாயை ஓங்கிக்கொண்டு நின்றாள். அவர் ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் அவள் அடித்திருப்பாள். பதினாறு வயது. என் கையைவிட அதுதான் எனக்கு நோகிறது.

நடுவிரலை எடுத்துவிட்டார்கள். அச்சைப் பிடித்த மற்ற இரண்டும் மடங்காது. வரைகிற வேலை இனி இல்லை. ஊரில் நடந்த யுத்தத்துக்குள் எல்லாம் இழந்து வந்தவன் என்று அவருக்காகச் சொன்னீர்கள். ஓம் மச்சாள், நானும் அதே சண்டைக்குள்ளால்தான் வந்தனான்.

திங்கட்கிழமை மூன்று அடி என்றே சொல்வேன். அவர் விசா போகலாம். தெரிந்துகொண்டுதான் சொல்வேன். கள்ள இலக்கத்துக்கு அச்சுப் பிடித்தது நான்தான் என்பதையும் சொல்வேன்.

உங்கள் கணவர் தேவராஜா அண்ணை காலமாகி ஏழு வருடம். இன்றைக்கும் நீங்கள் போனை வலது காதில் மட்டும்தான் வைக்கிறீர்கள். சின்னவயதில் இடது காதுக்குள் குளத்துத் தண்ணீர் போனது என்று ஒருமுறை சொன்னீர்கள், நான் எண்ணெய் தெறித்தது என்றதுபோல. நான் அதற்குமேல் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

நீங்களும் அவரோடு வருவீர்கள் என்று தெரியும். அவர் பக்கத்திலேயே இருங்கள், அவர் உங்கள் கூடப்பிறந்தவர். நான் பேசும்போது மட்டும் தலையைக் குனியாதீர்கள். உங்கள் முகம் தெரிந்தால் எனக்கு முழுவதும் சொல்ல வரும்.

கடவுள் உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

உங்கள் அன்பு மச்சாள்,
வசந்தினி