சீனக் காவல்சாமியின் முதுகு

வெள்ளி இரவு, தை 2006

மகனின் பழம்பொருள் கடையில் மரத்தில் செதுக்கிய சீனக் காவல்தெய்வம் ஒன்று நிற்கிறது. நேற்று அவன் அதன் முதுகு மூடியைத் திறந்து, உள்ளிருந்த சிவப்புக் காகிதப் பொட்டலத்தைக் குப்பையில் போட்டான். எங்கள் கோயிலில் சிலைக்கு அடியில் எந்திரத் தகடு வைத்ததைச் சின்ன வயதில் பார்த்தவன் நான். குப்பையிலிருந்து அதை எடுத்து வைத்தேன்.

இன்று குரோய்டனில் தனியே இருக்கும் சீனக் கிழவி ஒருத்தி, தன் வாசலுக்குக் காவல் தேடி வந்தாள். முதுகைத் திறந்து பார்த்து, இல்லையென்று தலையசைத்தாள். ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். "உயிர் இல்லையாம், வேண்டாமாம்" என்றான் மகன்.

பொட்டலத்தை நீட்டினேன். இரு கைகளாலும் வாங்கி உள்ளே வைத்து மூடினாள். பிறகு ஏதோ கேட்டாள்.

"எங்கை போறாரெண்டு சாமிக்கு எங்களைச் சொல்லட்டாம், அப்பா."

"சொல்லன்ரா."

மகன் சிரிக்கவில்லை. சாமியின் காதருகே குனிந்து, "ஐயா, குரோய்டனுக்குப் போறியள். இந்த அம்மா தனிய இருக்கிறா, பாத்துக்கொள்ளுங்கோ" என்றான்.